தீர்ப்புக்கு உத்தரம் சொல்வார் யார்?

நம் பாடசாலைகளிற் குடியியல் படிப்பிக்கும் ஆசிரியர் ஆண்டுதோறும் ஒரு பாடத்தைத் தவறாது கூறுவர். குடியாட்சி, நேர்க் குடியாட்சி எனவும் பிரதிநிதிக் குடியாட்சி எனவும் இருவகைப்படும். குடிகள் தாமே ஓரிடத்திற் கூடிச் சட்டஞ் செய்வது முன்னையது. குடிகள் சிலரைத் தெரிந்தனுப்ப அவர் கூடிச் சட்டஞ் செய்வது பின்னையது. முன்னையது அதென்சு முதலிய சிறு நகரங்களில் நிகழ்ந்தது. இக்காலத்து நாடுகள் பெரியன, குடிகள் மிகப் பலர், ஆதலிற் பின்னையதே எங்கும் கைக்கொள்ளப்படுகின்றது என்பது அப்பாடம். மாணாக்கர் அதனை எழுதிக்கொள்வர்; பரீட்சையில் வினா வரின் இரண்டற்கும் மும்மூன்று குறைகள் எழுதிப் புள்ளி பெறுவர். இதிற் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் இவ்வாறு கூறுமிடத்து, நேர்க் குடியாட்சியே உண்மைக் குடியாட்சி என்றும், பிரதிநிதி என்பான் இடம் போதாமையால் ஏற்பட்ட ஒரு பதிலாள் மாத்திரமே என்றும் ஓர் எண்ணம் பிள்ளைகள் மனத்திற் பதிந்துவிடுகின்றது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப் புகுவது.

இடமும் தொகையுமே தடையெனின், அத்தடை இன்று பெரிதும் நீங்கிவிட்டது. கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. நாட்டிலுள்ளார் எல்லாரும் வீட்டிலிருந்தபடியே மாலைதோறும் ஒவ்வொரு சட்டத்திற்கும் 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ தீர்ப்புச் சொல்லுதல் இனி அருஞ்செயல் அன்று. அங்ஙனமாயின் பாராளுமன்றத்தைப் பூட்டித் திறப்பை எறிந்துவிடலாமா? ஆம் என்று சொல்ல நம்மிற் பலரும் தயங்குவர். அத்தயக்கத்திற்குக் காரணம் இடமின்மை அன்றென்பது தெளிவு. வேறொன்று உளது.

ஒரு செயலுக்குச் செய்வோன், செய்விப்போன், உடன்படுவோன் என மூவரை வைத்துப் பழி புகழ்களைப் பங்கிடுதல் நம் பெரியோர் வழக்கு. அரசன் ஒருவன் முறை பிறழ்ந்து தண்டித்தானாயின், 'இதனை ஏன் செய்தாய்' என்று அவனை வினாவுதல் கூடும். அவன் விடை சொல்லாதொழியினும், விடை சொல்லற்குரியான் அவனே என்பதில் ஐயமில்லை. குடிகளே அரசராயவிடத்து அவ்வினாவை யார் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்துவது? இருவகைக் குடியாட்சிக்கும் உள்ள வேற்றுமை இவ்வினாவுக்கு அவை தரும் விடையிலேயே தங்கியுள்ளது என்பது எமது துணிபு. தொகையும் பரப்பும் அதற்குப் பிற்பட்டனவே.

அதென்சு நகரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்நகரத்துக் குடிகள் பினிக்சு என்னும் குன்றின்மேற் கூடினர். வேண்டியவன் எழுந்து பேசலாம். தீர்ப்புக் கைதூக்கலால் அறியப்படும். முதன்மையான சில காரியங்களுக்கு ஆறாயிரவர் இருத்தல் வேண்டும் என்பது விதி. சபைக்கு வரும் காரியங்களை முன்னர் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தற்கு ஐந்நூற்றுவர் கழகம் ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர் பத்துக் கணங்களினின்றும் கணத்திற்கு ஐம்பதின்மராகத் திருவுளச்சீட்டினால் எடுக்கப்பட்டனர். பெண்டிர்க்கும் அடிமைகளுக்கும் அந்நகரில் வந்து குடியேறிய பிறநாட்டார்க்கும் அச்சபையில் இடமில்லை. 'எல்லாருங் கூடினர்' என்று நாம் வகுப்பிற் சொல்லுமிடத்து இதனையுஞ் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

கி. மு. 427 ஆம் ஆண்டில், லெசுபொசுத் தீவிலுள்ள மித்திலீன் என்னும் நகரம் அதென்சுக்கு மாறாகக் கிளர்ந்து, பின்னர்த் தோற்று அடங்கியது. அதன் குடிகளை யாது செய்வது என்பது சபைக்கு வந்தது. கிளியோன் என்பவனது சொல்லுக்கு இசைந்து, வயதுவந்த ஆடவர் எல்லாரையுங் கொல்லுக, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்குக எனச் சபையார் தீர்த்து, படைத்தலைவன் பாக்கீசுக்கு ஆணை கொண்டு செல்லுமாறு ஒரு கப்பலை அன்றே விடுத்தனர். மறுநாள் விடிந்ததும் அவர்க்கே மனம் வருந்திற்று. குற்றஞ் செய்தாரை மாத்திரமன்றி ஒரு நகரத்தையே அழிக்கத் துணிந்தோமே என்று மீண்டுங் கூடினர். அப்பொழுது தியோதோதசு என்பவன் எழுந்து கிளியோனை மறுத்துப் பேசினான். வரலாற்றாசிரியராகிய துசிடிடீசு அவன் பேச்சாக எழுதிவைத்ததை நோக்கின், அவன் இரக்கத்தை வேண்டினானல்லன். நகரத்துக்கு ஆதாயம் எது என்றே வாதித்தான். இடையில் அவன் சொன்ன ஒன்று எம் நெஞ்சை விட்டு அகலாதது. அறிவுரை கூறுகின்ற எம்மை நீவிர் பின்னர் வினாவலாம், தண்டிக்கலாம். கேட்டுக் கைதூக்குகின்ற உம்மை வினாவுவார் ஒருவருமிலர். இருதிறத்தார்க்கும் ஒரே தண்டமாயின் நீவிர் இன்னுஞ் சற்று நிதானித்தே தீர்ப்பீர் என்பது அவன் சொன்னதன் கருத்து. நேர்க் குடியாட்சியின் குறையை அதன் உள்ளிருந்தே ஒருவன், அதுவும் அச்சபையின் முகத்துக்கு நேரே, இவ்வாறு எடுத்துரைத்திருப்பது வியத்தற்குரியது.

கைகள் ஏறக்குறைய ஒத்தேயிருந்தன, தியோதோதசு வென்றான். இரண்டாங் கப்பல் விரைந்து விடுக்கப்பட்டது. முதற்கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முந்திப் போயிருந்தது. பின்சென்ற கப்பலோட்டிகள் திராட்சைமதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பு வலித்துக்கொண்டே உண்டனர், முறைமுறையாக உறங்கினர். முன்சென்றோர், கொண்டுசென்ற செய்தி கொடிதாதலின், விரைந்திலர். பாக்கீசு ஆணையை வாசித்து நிறைவேற்றத் தொடங்கும் வேளையில் இரண்டாங் கப்பல் கரையடைந்தது. நகரம் பிழைத்தது; ஆயினும் கிளர்ச்சிக்குத் தலைவரென்று பிடித்துவைத்தார் பலர் கொல்லப்பட்டனர்.

இக்கதையைக் கேட்கும் மாணாக்கர், 'பிழையை அடுத்த நாளே திருத்திக்கொண்டார்களே, நேர்க் குடியாட்சிக்கு இது பெருமையன்றோ' என்று வினாவுதல் கூடும். நல்ல வினா. பெருமைதான். ஆனால் அத்திருத்தம் துடுப்பு வலித்தார் கைவலியினாற் கரை சேர்ந்ததேயன்றி, ஏற்பாட்டின் வலியினாலன்று. இருபத்தொரு ஆண்டு கழித்து அத்தகைய கப்பல் ஒன்று கிடைத்திலது.

கி. மு. 406 இல் ஆர்கினூசே என்னுமிடத்தில் நிகழ்ந்த கடற்போரில் அதென்சார் வென்றனர். போர் முடிந்ததும் புயல் எழுந்தமையால், உடைந்த கப்பல்களிலிருந்தாரை மீட்டல் கூடாதாயிற்று. படைத்தலைவர் எண்மர்மீதும் குற்றஞ் சாட்டப்பட்டது. திரும்பி வந்தவர் அறுவர். ஒவ்வொருவரையும் வேறுவேறாக விசாரித்தலே முறையாகவும், கலிக்சேனசு என்பவன் எல்லார்க்குஞ் சேர்த்து ஒரே வாக்கினால் தீர்க்க வேண்டும் என்று பிரேரித்தான். இது முறையன்று எனச் சிலர் தடுத்தபொழுது, குடிகள் தாம் விரும்பியதைச் செய்யவொட்டாது தடுப்பதோ என்று கூட்டத்தார் ஆரவாரித்தனர். அன்று சபை நடத்தும் முறையிலிருந்தாருட் சோக்கிரதரும் ஒருவர். முறைதவறியதொன்றிற்கு யான் உடன்படேன் என்று அவர் ஒருவரே மறுத்து நின்றார். பயன் இல்லை. அறுவரும் கொல்லப்பட்டனர், அவருள் ஒருவன் பெரிக்கிளீசின் மகன். சிலநாளில் அதென்சார் மனம் மாறினர். மாறியதும் யாது செய்தனர்? தம்மை ஏமாற்றினார் என்று கலிக்சேனசு முதலாயினார்மேல் வழக்கெடுக்கத் தீர்மானித்தனர்! கைதூக்கிய ஆயிரக்கணக்கானவர் வஞ்சிக்கப்பட்டவராயினர், பிரேரித்தவன் வஞ்சகனாயினான். அவன் தப்பியோடிப் பின்னர் மீண்டு வந்து, எல்லாராலும் வெறுக்கப்பட்டுப் பசியினால் இறந்தான் என்று செனொபன் எழுதுகின்றார்.

யாம் மிசன் கல்லூரியிற் கிரேக்க சரித்திரம் படித்த நாளில் இந்நிகழ்ச்சி, குடிகளின் நிலையின்மைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டது. நிலையின்மை எங்குமுள்ளது, அரசர்க்கும் உண்டு. ஈண்டு நோக்கற்பாலது அதனினும் நுண்ணியது. தீர்ப்பு எல்லாருடையதுமாயின், எல்லாருங் கொண்ட பழி ஒருவனுக்கும் சுமையாவதில்லை. அதென்சார் இதனை அறியாதவருமல்லர். சட்டத்துக்கு முரணான பிரேரணையைச் சபை ஏற்றுக்கொண்டவிடத்தும், அதனைப் பிரேரித்தவன்மேல் வழக்குத் தொடுக்கலாம் என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தனர். சபையைத் தண்டிக்க ஒண்ணாது. ஆகவே பெயருடைய ஒருவனைப் பிடித்தனர். ஆழ்ந்து நோக்கின், பிரதிநிதி என்பானுக்குரிய வித்து அவ்வேற்பாட்டிலேயே கிடந்தது எனலாம்.

அதென்சைவிட்டு நம் காலத்துக்கு வருவோம். நேர்க் குடியாட்சி இன்றும் நிலைபெற்றுள்ள நாடு சுவிற்சர்லாந்து. அங்குக் கிளாரசு, அப்பென்செல் உள்நாடு என்னும் இரு மாநிலங்களில் ஆண்டுக்கொருமுறை குடிகள் வெளியிற் கூடிக் கைதூக்கித் தீர்ப்பர். நாடு முழுவதற்கும் உரிய காரியங்களிலோ வாக்குச்சீட்டே வழக்கம். பாராளுமன்றம் ஆக்கிய சட்டம் வேண்டாமெனின் நூறு நாளுள் ஐம்பதினாயிரவர் கையொப்பமிட்டு அதனைக் குடிகளின் வாக்குக்கு விடச் செய்யலாம். அரசியலமைப்பைத் திருத்தவேண்டின் பதினெட்டு மாதத்துள் நூறாயிரவர் கையொப்பம் போதும். இதனாற் பெற்ற நன்மைகள் பல. அந்நாட்டார் வரியையும் செலவையும் தாமே அறிந்து பேசுவர். ஆள்வோர் குடிகளுக்கு அஞ்சுவர். இவற்றை மறைத்தல் நேர்மையன்று.

ஆனால் 1959 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் தேதி பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதா என்பது அந்நாட்டு ஆடவர் வாக்குக்கு விடப்பட்டபொழுது, மூன்றில் இரண்டு பங்கினர் 'அன்று' என்றனர். இலங்கையில் அவ்வுரிமை 1931 இலேயே வந்துவிட்டது என்பதை நினைவுகூர்க. பன்னிரண்டு ஆண்டு கழித்து 1971 இலேதான் அவ்வாடவர் உடன்பட்டனர். அப்பென்செல் உள்நாட்டுக் கூட்டத்தார் தம் மாநிலக் காரியங்களில் 1990 ஏப்ரலிலும் மறுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் கட்டளையிட்ட பின்னரே, 1991 இற் பெண்கள் அக்கூட்டத்தில் நின்றனர். கூட்டத்துள் நிற்பார் கூட்டத்துக்கு வெளியே நிற்பாரைப் பற்றித் தீர்த்தல் இது. 1959 இல் மறுத்த ஆடவருள் ஒருவனை அவன் மகள் 'ஏன் மறுத்தீர்' என்று கேட்டிருந்தால், அவன் 'யான் மறுத்திலேன்' என்று சொல்லிவிடலாம். வாக்குப் பெட்டி சாட்சி சொல்லாது.

2009 ஆம் ஆண்டு நவம்பர் 29 இல் நிகழ்ந்ததும் இவ்வினத்ததே. பள்ளிவாசல்களுக்கு மினராக் கோபுரம் கட்டுதல் கூடாது என்னும் திருத்தம் குடிகளின் வாக்குக்கு வந்தது. நாட்டில் அன்றிருந்த அத்தகைய கோபுரங்கள் நான்கே. அரசாங்கமும் பாராளுமன்றமும் இதனை ஏற்கவேண்டாம் என்றே குடிகளுக்குக் கூறின. நூற்றுக்கு 57.5 வீதத்தார் ஏற்றனர். அரசியலமைப்பில் அவ்விலக்கு ஏறிற்று. அந்நாட்டிலேயே நம்மவர் சிவாலயமும் முருகன் கோயிலும் அமைத்து வழிபட்டு வருகின்றனர். கோபுரம் என்பது நமக்கு அயலாகிய சொல் அன்று. ஆகையால் இத்தீர்ப்பைப் பிறர் காரியமென்று வாசித்துக் கடந்துபோதல் எமக்கு இயலாதாயிற்று. பிரதிநிதிகள் சிலர் கூடி இதனைச் செய்திருப்பின், செய்தார் பெயர் அறிக்கையில் ஏறியிருக்கும். காரணம் சொல்லவும், அக்காரணத்தை மறுப்பார்க்கு முகங்கொடுக்கவும் வேண்டியிருந்திருக்கும். மறைவிடத்திற் சீட்டுப் போட்டார்க்கு இவற்றுள் ஒன்றும் வேண்டியதில்லை.

இம்மறைவு பற்றி ஆங்கில அறிஞர் யோன் சுடூவட் மில் 1861 இல் எழுதிய பிரதிநிதி அரசியல் பற்றிய நூலில் வாதித்துள்ளார். வாக்கு என்பது ஒருவனது சொந்தப் பொருளன்று, பிறர் பொருட்டு அவனிடம் ஒப்புவிக்கப்பட்டதோர் பொறுப்பு. ஆதலின் அதனைப் பலரறியச் செலுத்துதலே தக்கது என்பது அவர் கொள்கை. 1872 இல் ஆங்கில நாட்டார் மறைவாக்கையே சட்டமாக்கினர். அவர்கள் செய்தது சரியென்றே யாமும் கருதுகின்றோம். நிலக்காரன் கண் முன் குத்தகைக்காரன் கைதூக்குவானாயின் அக்கை யாருடைய கை? எனினும் மில் காட்டிய உண்மை போகவில்லை. அதனை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். தன்பொருட்டு ஒருவனைத் தெரிவுசெய்யும் குடிமகன் மறைவில் இருக்கலாம். பிறர்மேற் செல்லும் சட்டத்தை ஆக்குவான் வெளியில் நிற்றல் வேண்டும். பிரதிநிதிக் குடியாட்சி இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கின்றது: நமது சீட்டு மூடியது, உறுப்பினன் வாக்குத் திறந்தது. நாடு முழுவதுஞ் சீட்டுப் போட்டுச் சட்டஞ் செய்யும் முறையிலோ சட்டமாக்குஞ் செயலே மூடிய பெட்டிக்குள் நிகழ்கின்றது. வேற்றுமையின் உயிர்நிலை இதுவே.

இனிப் பிரதிநிதியிடம் வருவோம். அவன் குறைகள் சிறியனவல்ல. 1762 இல் றூசோ, ஆங்கிலேயர் தம்மைச் சுதந்தரர் என நினைக்கின்றனர், தெரிவு நாளில் மாத்திரமே அவர் சுதந்தரர், அந்நாள் கழிந்ததும் அடிமைகள் என்னுங் கருத்துப்பட எழுதினார். மிகைப்படக் கூறினாரேனும் உள்ளதே கூறினார். ஐந்தாண்டுக்கொருமுறை ஒரு சீட்டுப் போட்டவன், இடையில் நிகழும் எல்லாவற்றுக்கும் 'அது அவன் செய்தது' என்று கைகழுவப் பழகிவிடுகின்றான். சபையில் எல்லாரும் செய்தமையால் ஒருவனும் செய்யாதவனாயினான். இங்கோ ஒருவன் செய்தமையால் மற்றெல்லாரும் செய்யாதவராகின்றனர். தெரு விளக்கு எரியாவிடினும் உறுப்பினனை வைதுவிட்டு உறங்கப்போகும் சோம்பல் இதிலிருந்தே வளர்கின்றது.

பிரதிநிதி தன்னைத் தெரிந்தாரது விருப்பத்தைச் செய்யக்கடவனா, தன் அறிவுக்குச் சரியெனப்பட்டதைச் செய்யக்கடவனா? 1774 இற் பிரிஸ்ரல் நகரத்தார் தெரிந்தெடுத்த எட்மண்ட் பேர்க்கு, அன்றே அவர் முன் நின்று, உழைப்பை மாத்திரமன்றி என் அறிவையும் உமக்குத் தரக் கடமைப்பட்டுளேன், உமது கருத்துக்கு அவ்வறிவைப் பலியிடின் உமக்குத் துரோகஞ் செய்தவனாவேன் என்னுங் கருத்தைச் சொன்னார். சொன்னபடியே, அயர்லாந்து வியாபாரத்துக்கு இருந்த தடைகளைத் தளர்த்தல் வேண்டும் என்று அந்நகர வணிகர் வெறுக்கப் பேசினார். கத்தோலிக்கர்க்கு இருந்த இடர்களை நீக்கவும் நின்றார். 1780 இல் மீண்டும் வெல்லல் இயலாதென்று கண்டு பிரிஸ்ரலைவிட்டு விலகினார். ஆசிரியர் இவ்விடத்திற் கதையை நிறுத்திவிடுதல் வழக்கம். மாணாக்கர் கண்ணிற் பேர்க்கு தியாகியாய் நிற்பார். மிச்சத்தையுஞ் சொல்லுதல் வேண்டும். அவர்க்கு உடனே மோல்ரன் என்னும் ஊரின் ஆசனம் கிடைத்தது. அவ்வூரின் வாக்குகள் அவருக்கு ஆதரவாகிய றொக்கிங்காம் பிரபுவின் கைக்குள் இருந்தன. குடிகளுக்குப் பணியாத மனச்சாட்சி ஒரு பிரபுவின் தயவில் தங்கவேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பு உளது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் எழுவர் தெரிவாகியிருந்தனர். 1952 இல் ஒருவருமிலர். பெண்களுக்குச் சுவிசு ஆடவர் செய்ததனையே ஈண்டுப் பிரதிநிதிகள் செய்தனர். அவர் கொடாது மறுத்தனர், இவர் கொடுத்ததைப் பறித்தனர். ஆதலின் பிரதிநிதி முறை இத்தீங்கினின்றும் நம்மைக் காக்கும் என்று ஒருவருஞ் சொல்லற்க. ஆயின் ஒன்று: அன்று யார் எப்பக்கம் நின்றார் என்பது அறிக்கையில் உள்ளது. அதனாலேயே தமிழ்க் காங்கிரசு பிளந்தது. செல்வநாயகம் அவர்கள் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 இற் காங்கேசன்துறையார் அவரைத் தோற்கடித்தனர்; 1956 இல் வெல்வித்தனர். இன்றும் யாழ்ப்பாணத்து வாசிகசாலைத் திண்ணைகளில் அவ்வாக்குகள் பற்றிப் பெயர் சொல்லி வழக்காடுவார் உளர். எழுபது ஆண்டு கழிந்தும் ஒருவரைப் பெயர்சொல்லி வினாவ முடிகின்றது. 2009 இன் சுவிசுத் தீர்ப்பைப் பற்றி யாரைப் பெயர்சொல்லி வினாவுவது?

இருவகையின் குறைகளும் ஓரிடத்திற் கூடிய நிகழ்ச்சி 1982 டிசம்பர் 22 இல் இலங்கையில் நிகழ்ந்த சர்வசன வாக்கெடுப்பு. 1977 இல் தெரிவாகிய பாராளுமன்றத்தின் காலம் 1983 ஆகஸ்டில் முடிதல் வேண்டும். தேர்தல் நடத்தாமல் அக்காலத்தை மேலும் ஆறாண்டு நீட்டலாமா என்று குடிகளிடம் கேட்கப்பட்டது. ஆம் என்பார்க்கு விளக்கு, அன்று என்பார்க்குக் குடம். விளக்குக்கு 31,41,223 வாக்கு, குடத்துக்கு 26,05,983. யாழ்ப்பாணத்தாரிற் பெரும்பாலார் குடத்துக்கே போட்டனர். இதன் முன்னரே சனாதிபதி ஜெயவர்த்தனா தம் கட்சி உறுப்பினரிடம் தேதியிடாத விலகற் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வுறுப்பினர் யார்க்குப் பிரதிநிதிகள்? தெரிந்த குடிகளுக்கா, தம் மனச்சாட்சிக்கா, கடிதம் வைத்திருந்த மேசைக்கா? தம்மைக் குடிகள் வினாவும் நாளைத் தள்ளிவைக்க, அக்குடிகளின் கையையே அவர் கருவியாகக் கொண்டனர். பின்னர்க் கேட்டார்க்கு 'குடிகளே தீர்த்தனர்' என்பது விடை. குடிகளைக் கேட்டால் 'அவர்களே கேட்டனர்' என்பது விடை. நாட்டில் உத்தரம் சொல்வார் ஒருவருமிலராயினர். 1983 ஆகஸ்டில் ஆறாந் திருத்தச் சட்டம் வேண்டிய சத்தியத்தைச் செய்ய மறுத்த வடகிழக்குத் தமிழ் உறுப்பினர் ஆசனம் இழந்தனர். நீட்டப்பட்ட அப்பாராளுமன்றம் அவரின்றியே 1988 டிசம்பர் வரையும் இருந்தது.

இவ்விடத்தில் உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டி, 'இவையெல்லாம் நம்மவர் அன்றே கண்டனர்' என்று மேடையிற் பேசுவாரைப் பலகாலுங் கேட்டிருக்கின்றோம். முதற் பராந்தக சோழன் காலத்து, கி. பி. 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் அவை. முப்பது குடும்புகளிலும் தக்கார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுபிள்ளை ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இது குடியாட்சியன்று. அச்சபை பிராமணருடையது, நிலமும் சொந்த மனையும் வேதக்கல்வியும் உடையார்க்கே குடத்துள் இடமுண்டு. ஊரில் உழுதார்க்கும் நெய்தார்க்கும் அங்கே ஓலை இல்லை. வீண்பெருமை வேண்டா. ஆயினும் அதன்கண் உள்ள ஒரு விதி இவ்வாராய்ச்சிக்கு உதவுவது: முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் இடப்படாது, அவனுக்கு நெருங்கிய உறவினர் பெயரும் இடப்படாது. யார் ஆளத்தக்கவர் என்பதிலும், ஆண்டவர் யாருக்குக் கணக்குக் காட்டினர் என்பதில் அச்சபையார் கண் வைத்திருந்தனர். கணக்குக் காட்டாத உறுப்பினனின் மைத்துனனுக்கும் மகனுக்கும் அடுத்த தேர்தலில் இடமில்லை என்று இன்று ஒரு சட்டம் வருமாயின், நம் பாராளுமன்றத்தில் எத்தனை ஆசனம் வெறுமையாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவுங் கூறியமையால், குடிகளை ஒன்றும் கேட்கவேண்டா என்பது எமது கருத்தென்று கொள்ளற்க. தம்மேல் வரும் வரியை, தம் நிலத்தினூடே செல்லும் வீதியை, தம் கிராமத்துக் குளத்தைப் பற்றிக் குடிகள் நேரே தீர்த்தல் தகும். அத்தீர்ப்பின் நன்மையும் தீமையும் தீர்த்தார் தலைமேலேயே விழும். அவரே செய்வோரும், அவரே நுகர்வோரும் ஆதலின், வேறொருவரும் வினாவ வேண்டியதில்லை. பாராளுமன்றம் செய்த சட்டத்தை வேண்டாமென்று தடுத்தலும் பெரும்பாலும் இவ்வகையினதே. தீர்ப்பார் வேறு, தீர்க்கப்படுவார் வேறாகிய இடத்திலேதான் மூடிய பெட்டியும் எண்ணற்ற கைகளும் கொடியனவாகின்றன. மித்திலீன் குடிகள் பினிக்சுக் குன்றின்மேல் நின்றாரல்லர். 1959 இற் சுவிசுப் பெண்டிர் சீட்டுப் போட்டாரல்லர். மலைநாட்டார் இடாப்பில் விடப்பட்டாரல்லர்.

இதனை வகுப்பில் எவ்வாறு காட்டுவது என்று ஆசிரியர் வினாவலாம். பாடப்புத்தகத்து அட்டவணையால் அது விளங்காது. கல்விச் சுற்றுலாவுக்கு எவ்விடஞ் செல்வது என்று மாணாக்கரைக் கைதூக்கச் செய்க. எல்லாரும் போகின்றனர், எல்லாரும் அலுப்படைவர் அல்லது மகிழ்வர். அது முடிந்ததும், முன்னொருகாற் குழப்பஞ் செய்த மாணாக்கன் ஒருவன் உளனென்று ஒரு கற்பனைப் பெயரை இட்டு, அவனை அழைத்துச் செல்வதா விடுவதா என்று கேட்க. கைகள் முன்னையினும் விரைந்து எழும் என்பதை ஆசிரியர் காண்பர். பின்னர் எல்லாக் கைகளையும் இறக்குவித்து, இருவரை மாத்திரம் தெரிவித்து, அவ்விருவரும் வெற்றாசனம் ஒன்றின் முன் நின்று, அதில் அம்மாணாக்கன் இருப்பதாகக் கொண்டு, தம் தீர்ப்பையும் காரணத்தையும் சொல்லுமாறு செய்க. சொல்லத் தொடங்குமுன் இருவரும் ஒருவரையொருவர் நோக்குவர். அந்நேரத்திற் பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, 'ஐயா, இவ்விருவரையும் தெரிந்தது நாங்கள் தானே. அப்படியாயின் எங்களை யார் கேட்பது?' என்பானாயின், அன்றைப் பாடத்தை அவ்வினாவிலிருந்தே மேற்கொண்டு நடத்தலாம்.